கஜானாவின் சாவி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய சர்க்கார் 2025-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி முதல் நவம்பர் 12-ந் தேதி இரவு வரை, 43 நாட்கள் கதவடைத்துக் கிடந்த விந்தையைக் குறித்து நேயர்கள் பலர் நம்மை வினவியிருக்கின்றனர். அந்நியப் படையெடுப்போ, பூகம்பமோ, கொள்ளை நோயோ அதற்குக் காரணமன்று. செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதா அந்நாட்டின் காங்கிரஸில் (அவர்களுடைய சட்டசபைக்கு அப்பெயர்) உரிய காலத்தில் நிறைவேறவில்லை, அவ்வளவே. இதற்கு முன் மிக நீண்ட அடைப்பு 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை நடந்தது. அது 35 நாட்களே நீடித்தது.

நமது காரியாலயத்துக்குப் பத்திரிகை வாசிக்க வரும் நெசவாளி நண்பரொருவர் கேட்டார்: “ஏன் ஐயா, அத்தனை பெரிய சர்க்காரில் சேவகனுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லையா?” பணம் இருந்தது என்றோம். எடுத்துக் கொடுக்கச் சட்டம் இல்லை என்றோம். “அப்படியானால் நம் ஊரில் அது நடக்குமா?” என்றார் உடனே. கேள்வி சாதாரணமானதன்று. ஆரணித் தறிகளுக்கு வரும் மான்யமும் தள்ளுபடித் தொகையும், தறிக்கு இலவசமாகக் கிடைக்கும் மின்சாரத்தின் கணக்கும் எங்கோ ஒரு சட்டசபையில் ஒதுக்கப்படும் பணத்திலிருந்து வருபவை. ஆகையால் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அமெரிக்க விவகாரம். அங்கே வரவு செலவு வருஷம் அக்டோபர் 1-ந் தேதி பிறக்கிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். நிறைவேறாவிட்டால் தற்காலிக மசோதா ஒன்றைக் கொண்டு காலம் தள்ளுவார்கள். 2025-ல் அதுவும் முடியவில்லை. ரிபப்ளிகன் கட்சிக்கு இரு சபைகளிலும் மெஜாரிட்டி உண்டு. ஆனால் செனெட் சபையில் விவாதத்தை முடித்து ஓட்டெடுக்க 60 அங்கத்தினர் சம்மதிக்க வேண்டும். அவர்களுக்கோ 53 பேரே. டெமாக்ரடிக் கட்சியார், வைத்திய இன்ஷூரன்ஸுக்குச் சர்க்கார் கொடுத்துவரும் சலுகை அவ்வருஷ முடிவில் காலாவதியாகப் போகிறதென்றும், அதை நீடித்தாலன்றிப் பணத்துக்கு ஓட்டளிக்க முடியாதென்றும் நின்றார்கள். குறையைத் தீர், பிறகு பணம் கேள் என்பது பார்லிமெண்ட் முறையின் ஆதிவாக்கியம். அதில் நாம் குற்றம் காண மாட்டோம்.

ஆனால் அந்த மறுப்பு யார் தலையில் விழுந்தது? சுமார் 14 லட்சம் உத்தியோகஸ்தர்களின் சம்பளம் நின்றது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மற்றப் பாதிப் பேர் சம்பளமின்றியே வேலை செய்தனர். ஆகாய விமானங்களுக்கு வழிகாட்டும் ஊழியர்கள் வேலைக்கு வர இயலாமல் குறைந்துபோகவே, 40 பெரிய விமான நிலையங்களில் போக்குவரத்தைச் சுருக்கும்படி உத்தரவாயிற்று. எல்லாவற்றிலும் கொடியது, 4 கோடியே 20 லட்சம் ஏழைகள் பெற்றுவந்த உணவு உதவி நவம்பர் மாதம் தடைப்பட்டு, அந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை சென்றதுதான். சண்டையிட்ட கனவான்களாகிய காங்கிரஸ் அங்கத்தினர்களின் சம்பளம் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. அதற்கு அவர்களுடைய அரசியல் சட்டமே காவல். கீழ்ச்சபையோ செப்டம்பர் 19-ந் தேதிக்குப் பின் நவம்பர் 12-ந் தேதி வரை ஓட்டெடுப்புக்கே கூடவில்லை. வீடு பற்றியெரிகையில் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஊருக்குப் போன கதை இது.

முடிவு எப்படி வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். டெமாக்ரடிக் கட்சியிலிருந்து ஏழு பேரும், அவர்களுடன் சேர்ந்திருக்கும் சுயேச்சை அங்கத்தினர் ஒருவரும் பிரிந்து வந்தனர். நவம்பர் 10-ந் தேதி செனெட் சபையில் 60-க்கு 40. 12-ந் தேதி கீழ்ச்சபையில் 222-க்கு 209. சில இலாகாக்களுக்கு முழு வருஷத்துக்கும், மற்றவற்றுக்கு 2026 ஜனவரி 30 வரைக்கும் பணம் கிடைத்தது. அடைப்புக் காலத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டோரைத் திரும்பச் சேர்ப்பதென்பதும் மசோதாவில் இடம் பெற்றது. எதற்காகச் சண்டை மூண்டதோ அந்த இன்ஷூரன்ஸ் சலுகைக்குக் கிடைத்தது டிசம்பரில் ஓர் ஓட்டெடுப்பு என்ற வாக்குறுதி மட்டுமே. டிசம்பர் 11-ந் தேதி அந்த ஓட்டெடுப்பு நடந்தது, 60 சேரவில்லை, சலுகை வருஷ முடிவோடு போயிற்று. 43 நாள் பட்டினிக்கு விலை ஒரு வாக்குறுதி!

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் தென்படுகிறது. இக்கதவடைப்பு அமெரிக்க அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டதென்று பலர் நினைக்கின்றனர். அப்படியில்லை. ஒதுக்கப்படாத பணத்துக்குச் சர்க்கார் அதிகாரிகள் பொறுப்பேற்கக் கூடாதென்று 19-ம் நூற்றாண்டுச் சட்டமொன்று சொல்கிறது. அச்சட்டம் இருந்தும், 1970-களில் மசோதா தாமதித்த போதெல்லாம் காரியாலயங்கள் பெரும்பாலும் நடந்துகொண்டுதானிருந்தன. 1980-ல் அட்டர்னி ஜெனரலாயிருந்த பெஞ்சமின் சிவிலெட்டி என்பவர் அச்சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்து, பணம் ஒதுக்கப்படாவிட்டால் இலாகா மூடியே தீர வேண்டுமென்று அபிப்பிராயம் எழுதினார். அது முதல் பிறந்ததே இந்த வழக்கம். ஒரு வக்கீலின் அபிப்பிராயத்துக்கு இத்தனை பேர் பட்டினி கிடந்தது உலக சரித்திரத்தில் அபூர்வம். எமது வகுப்பார் இதில் கர்வப்பட ஒன்றுமில்லை.

இனி நண்பரின் இரண்டாவது கேள்வி: நம் தேசத்தில் இது நடக்குமா?

அரசியல் சட்டத்தின் 114-வது ஷரத்தும், ராஜ்யங்களுக்கு 204-வது ஷரத்தும், சட்டத்தால் ஒதுக்கப்படாத ஒரு காசையும் தொகுப்பு நிதியிலிருந்து எடுக்கலாகாதென்று கண்டிப்பாய்ச் சொல்கின்றன. ஆகவே பூட்டு நம்மிடமும் உண்டு. மார்ச் 31-ந் தேதிக்குள் ஒதுக்கீட்டுச் சட்டமோ, 116, 206-வது ஷரத்துக்களின்படி இடைக்கால மான்யமோ நிறைவேறாவிட்டால் ஏப்ரல் 1-ந் தேதி கஜானா திறவாது. ஆயினும் நாம் ஒழுகுவது மந்திரிசபைப் பொறுப்பு முறை. பணம் மறுக்கப்பட்டால் மந்திரிசபை விழும். வேறு மந்திரிசபையோ தேர்தலோ வரும். பணம் மட்டும் யாரோ ஒருவர் கையால் வந்துவிடும். ராஜ்யமொன்றில் ராஷ்டிரபதி ஆட்சி ஏற்பட்டால் அதன் செலவுக்குப் பார்லிமெண்டே ஒதுக்குகிறது. 2025 மார்ச்சில் மணிப்பூருக்கு அவ்வாறே நடந்தது. தேர்தல் வருஷங்களிலும் ஏற்பாடு உண்டு. 2021 பிப்ரவரியில் நமது ராஜ்யத்தில் ஸ்ரீ பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். தேர்தலுக்குப் பின் ஆகஸ்டில் ஸ்ரீ பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். மந்திரிசபையே மாறியும் காரியாலயம் ஒரு நாளும் மூடவில்லை.

ஆனால் ஒரு முறை விளிம்பு வரைக்கும் போனோம். 1968-ல் பஞ்சாபில் காங்கிரஸின் ஆதரவால் நின்ற லக்ஷ்மண் சிங் கில் மந்திரிசபை இருந்தது. சபாநாயகர் ஜோகிந்தர் சிங் மான் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. மார்ச் 7-ந் தேதி அவர் சபையை இரண்டு மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு எழுந்து போனார். பட்ஜெட் நிறைவேறவில்லை, மார்ச் 31 நெருங்கிக்கொண்டிருந்தது. கவர்னர் பாவட்டே சபையின் கூட்டத் தொடரை முடித்து, நிதிக் காரியம் தீரும் வரை சபையின் சம்மதமின்றி ஒத்திவைக்கக் கூடாதென்று ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்து, 18-ந் தேதி சபையை மறுபடியும் கூட்டினார். சபாநாயகர் அந்த அழைப்பே செல்லாதென்றும், தமது பழைய ஒத்திவைப்பே நிற்கிறதென்றும் தீர்ப்பளித்துவிட்டு வெளியேறினார். அமளிக்கு நடுவே உதவிச் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தார். ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேறின. பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் அவை செல்லாவென்றது. சுப்ரீம் கோர்ட் அவ்வருஷம் ஜூலையில் செல்லுமென்றது. ஆகஸ்டில் அந்த மந்திரிசபையும் போய்விட்டது.

சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு சட்டப்படி சரியென்றே நாம் கருதுகிறோம். தனி மனிதர் ஒருவர் மணியடித்துவிட்டுப் போவதால் ஒரு ராஜ்யத்தின் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் நின்றுவிடுமென்றால் அதைப் பிரதிநிதித்துவ ஆட்சி என்று சொல்வதெப்படி? எனினும் ஒன்றை மறைக்க வேண்டாம். அன்று கதவைத் திறந்தது அவசரச் சட்டம் என்ற கவர்னரின் சாவி, சபையின் சாவியன்று. அப்படித் திறக்கப்பட்ட சபையில் செலவைக் குறித்து யாரும் ஒரு வார்த்தையும் விவாதித்திருக்க முடியாது.

இந்த இடத்தில் நமது பழைய சரித்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. பணம் மறுப்பதை ஆயுதமாக்கிய வித்தை இந்தியருக்குப் புதிதன்று. 1923-ல் உப்பு வரியை மணங்குக்கு ரூ.1-4-0 என்பதிலிருந்து ரூ.2-8-0 ஆக இரட்டிப்பாக்க வெள்ளைக்கார சர்க்கார் முனைந்த போது மத்திய சட்டசபை மறுத்தது. வைசிராய் ரீடிங் பிரபு தமது சர்டிபிகேட் அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கினார். மறு வருஷம் மார்ச்சில் பண்டித மோதிலால் நேரு தலைமையில் சுயராஜ்யக் கட்சியார் சுங்கம், வருமான வரி, உப்பு, அபின் ஆகிய நான்கு கோரிக்கைகளை அடுத்தடுத்து நிராகரித்தனர். நிதி மசோதாவைக் கொண்டுவரவே அனுமதி மறுக்கப்பட்டது. குறை தீர்ந்த பின்னரே பணம் என்று பண்டித மாளவியா அந்த விவாதத்தில் நின்று பேசினார். மறுபடியும் சர்டிபிகேட்! ஆயினும் அம்முறை உப்பு வரி ரூ.1-4-0 என்ற பழைய அளவுக்கே இறங்கிற்று. அதே மாதம் வங்காளத்தில் தேசபந்து தாஸின் கட்சி மந்திரிகளின் சம்பளத்தை ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மறுத்தது. மத்திய மாகாண சட்டசபையோ மந்திரிகளுக்கு வருஷச் சம்பளம் இரண்டு ரூபாய் என்று நிர்ணயித்தது. அதைப் படிக்கும் போதெல்லாம் நமக்குச் சிரிப்பும் பெருமிதமும் ஒருங்கே உண்டாகின்றன. 1935-க்குப் பின் ஸ்ரீ சத்தியமூர்த்தி உதவித் தலைவராயிருந்த காங்கிரஸ் கட்சியும் அச்சபையில் இதே வித்தையைத் தொடர்ந்தது.

அந்த மறுப்புக்களால் எந்தத் தபால்காரனும் பட்டினி கிடக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியும் மூடவில்லை. வைசிராயின் சர்டிபிகேட் எப்படியும் பணத்தைத் தருமென்பது மறுத்தவர்களுக்குத் தெரியும். ஜனங்களின் சம்மதமின்றி நடக்கும் ராஜாங்கம் இதுவென்று உலகறிய எழுதிக் காட்டுவதே அவர்களது நோக்கம். அடி விழுந்தது ஆள்பவன் முகத்தில். அமெரிக்காவில் அடி விழுந்தது கிழவியின் கஞ்சிக் கலயத்தில்.

குறி தவறாமல் எய்யலாம் என்பதற்கு நமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2018 அக்டோபர் 26-ந் தேதி இலங்கை ஜனாதிபதி சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதம மந்திரியாக்கினார். பிறகு பார்லிமெண்டையே கலைத்தார். கோர்ட் கலைப்பை நிறுத்தி வைக்க, பார்லிமெண்ட் கூடி நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியும் ராஜபக்ஷ நகரவில்லை. நவம்பர் 29-ந் தேதி, மொத்தம் 225 பேர் கொண்ட சபையில் 123 பேர் ஓட்டளித்து, பிரதம மந்திரி காரியாலயத்தின் செலவுக்குப் பணம் கிடையாதென்று தீர்மானித்தனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் அங்கத்தினர்கள் இந்தப் போராட்டத்தில் பார்லிமெண்டின் பக்கம் நின்றனர் என்பதை நாம் மறக்கலாகாது. வைத்தியசாலைக்கோ, ஆசிரியர் சம்பளத்துக்கோ அத்தீர்மானத்தால் யாதொரு தீங்கும் இல்லை. அதற்கிடையில் புது வருஷத்துக்கு பட்ஜெட்டே இல்லாத நிலைமை. ஜனவரி 1-ந் தேதி கஜானா அடைபடும் என்ற பயம். டிசம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கலைப்புச் சட்ட விரோதம் என்றது. 15-ந் தேதி ராஜபக்ஷ விலகினார். 21-ந் தேதி பார்லிமெண்ட் அடுத்த நான்கு மாதத்துக்கு இடைக்கால மான்யம் வழங்கிற்று. மறுக்க வேண்டியதை மறுத்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, அச்சபை தன் கையிலுள்ள சாவி எது என்று காட்டிற்று.

நம் பக்கம் திரும்புவோம். கதவடைப்பு நம் நாட்டில் இல்லை என்று மார்தட்டிக் கொள்ளுமுன், கதவு எப்படித் திறக்கப்படுகிறதென்று பார்ப்பது நலம். குறித்த நாள் வந்ததும் விவாதிக்கப்படாத கோரிக்கைகளையெல்லாம் ஒரே குவியலாக்கி ஓட்டுக்கு விடும் முறைக்குக் கில்லட்டின் என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய யந்திரத்தின் பெயர் இதற்குப் பொருத்தமே. 2018 மார்ச் 14-ந் தேதி லோக்சபையில் 24 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பட்ஜெட் சுமார் அரைமணி நேரத்தில், யாதொரு விவாதமுமின்றி நிறைவேறிற்று. அன்று சபையின் நடுவே கோஷமிட்டு நின்றவர்களில், காவிரி மேலாண்மை வாரியம் கேட்ட நமது தமிழ் அங்கத்தினர்களும் இருந்தனர். காவிரிக்காகக் கோஷமிட்டது தவறென்று சொல்ல மாட்டோம். ஆனால் கோஷத்தின் மறைவில் என்ன போயிற்றென்று தெரியுமா? அரசியல் கட்சிகள் அந்நிய நாட்டார் தொடர்புள்ள நன்கொடை பெற்ற குற்றத்தை 1976 முதல் பின்னோக்கித் துடைக்கும் திருத்தம் ஒன்று அந்த நிதி மசோதாவில் இருந்தது. அதுவும் வாய் திறவாமலே நிறைவேறிற்று. 2023 மார்ச் 23-ந் தேதி 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டுக்கும் இதே கதி. அவ்விரு வருஷங்களிலும் ஜவுளி இலாகாவின் கோரிக்கை அந்தக் குவியலோடு குவியலாகப் போயிற்று.

1993 முதல் இலாகாவாரியான நிலைக்குழுக்கள் கோரிக்கைகளைப் பரிசீலிக்கின்றனவே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பரிசீலிக்கின்றன, நல்ல அறிக்கைகளும் எழுதுகின்றன. ஆனால் குழுவுக்குப் பணத்தை மறுக்கும் அதிகாரமில்லை. அதன் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பவை. அன்றியும் 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பின், கொறடாவின் உத்தரவுக்கு விரோதமாக ஒதுக்கீட்டு மசோதாவுக்கு எதிர் ஓட்டளிக்கும் அங்கத்தினர் ஆசனத்தை இழக்க நேரிடும். செனெட் சபையில் எட்டுப் பேர் தங்கள் அணியை விட்டுப் பிரிந்து வந்து அடைப்பை முடித்தது போல இங்கே யாரும் செய்ய முடியாது. விலைக்கு வாங்கப்படும் அங்கத்தினரைத் தடுக்க வந்த சட்டம், மனச்சாட்சியுள்ள அங்கத்தினரின் நாவையும் சேர்த்துக் கட்டிவிட்டது. 2016 மார்ச் 18-ந் தேதி உத்தரகண்ட் சபையில் ஆளும் கட்சியார் ஒன்பது பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஒதுக்கீட்டு மசோதா மீது ஓட்டுக்களை எண்ணும்படி கேட்டனர். சபாநாயகர் எண்ணாமலே நிறைவேறியதாக அறிவித்தார். அதிலிருந்து கிளம்பிய வழக்குகளும், ராஷ்டிரபதி ஆட்சியும், ஒன்பது பேர் ஆசனமிழந்ததும் நேயர்கள் அறிந்தவையே. பணமசோதாவில் ஓட்டுக்களை எண்ணவே கூசும் சபை எதற்கு என்று கேட்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

ஆரணிக்கு இதனால் ஆவதென்ன? நிறைய உண்டு. 1953-ல் மில் துணியின் மேல் விதித்த தீர்வையைக் கொண்டு கைத்தறிக்கும் கதருக்கும் நிதி சேர்க்கும் சட்டம் வந்த போது, அது பார்லிமெண்டில் விவாதித்து வந்த சட்டம். 1985-ல் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டமும் அப்படியே. ஆனால் 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி போர்டு ஒழிக்கப்பட்டது இலாகாவின் ஒரு சிறு அறிவிப்பினால்; சட்டசபை எதிலும் அதற்காக ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை. கோறாப்பட்டின் விலை ஏறுகிறது. ஜரிகை விலை ஏறுகிறது. விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறிப் பட்டென்ற பெயரில் கடையில் தொங்குகிறது. நெசவாளியின் பிள்ளை தறிக்குழியில் இறங்க மறுத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறான். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும், அமலாக்க அதிகாரிகள் வேண்டும். கேட்கும் இடம் கோரிக்கை விவாதம். அந்த விவாதமே நடக்காவிட்டால் சங்கத் தலைவர்கள் மந்திரிகளின் வீட்டு வாசலில் மனுவோடு நிற்பதே கதி. மனு போடுபவன் பிரஜை. கோரிக்கையை மறுக்கக் கூடியவன் எஜமான். சுயராஜ்யம் வந்த பின் நாம் இவற்றில் எது?

பணத்தை மறுத்து இலாகாவை மூடச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்க வித்தை நமக்கு வேண்டாம். நமது சபை விதிகளிலேயே தக்க ஆயுதம் இருக்கிறது. கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கும் பிரேரணை கொள்கையைக் கண்டிப்பது. நூறு ரூபாய் குறைக்கும் பிரேரணை குறிப்பிட்ட குறையொன்றைச் சபைமுன் வைப்பது. மத்திய மாகாணத்தாரின் இரண்டு ரூபாயின் வாரிசுகள் இவை. நூறு ரூபாய் வெட்டினால் எந்த நெசவாளிக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த நூறு ரூபாய்க்காக மந்திரி எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், சபை கில்லட்டினுக்கு முன் அந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டால். அவ்வாறு எடுத்துக்கொள்ளும்படி கேட்பது அங்கத்தினரின் வேலை. அவரை அவ்வாறு கேட்க வைப்பது நம் வேலை.

ஆகவே நாம் சொல்வது இது. ஆரணிக்கு லோக்சபையில் ஓர் அங்கத்தினரும் சென்னைச் சட்டசபையில் ஓர் அங்கத்தினரும் உண்டு. எக்கட்சியாராயினும் சரி, அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் ஜவுளி இலாகாவின் கோரிக்கை மீதும், கைத்தறி இலாகாவின் கோரிக்கை மீதும் ஆளுக்கு ஒரு நூறு ரூபாய் வெட்டுப் பிரேரணைக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆளும் கட்சியாராயிருந்து கொறடாவுக்கு அஞ்சினால், அதை வெளிப்படையாய்ச் சொல்லி, அந்தக் கோரிக்கையை விவாதத்துக்கு எடுக்கும்படியாவது எழுதிக் கேட்கட்டும். பிரேரணையின் வாசகத்தை நெசவாளர் சங்கங்களும், கூலிக்கு நெய்பவர்களும், பாவு ஓட்டுபவர்களும், சாயப்பட்டறைத் தொழிலாளரும் கூடித் தயார் செய்யட்டும். எந்த விஷயத்தில் பணம் வரவில்லை, எந்தச் சட்டம் அமலாகவில்லை என்பதைத் தேதியோடும் கணக்கோடும் எழுதி நமது காரியாலயத்தில் கொடுப்பார்களானால், அதைச் சபை விதிகளுக்கு ஏற்பத் திருத்தி, இரு அங்கத்தினர்களுக்கும் அனுப்பி, அவர்கள் தரும் பதிலை, பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையும், இப்பத்தியிலேயே பிரசுரிப்போம்.